தொடக்கநிலை லினக்ஸ் கையேட்டைத் திருத்த முன்வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் நாங்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடி, விண்டோஸைப் போன்ற ஓர் இயங்குதளமான டெபியன் லினக்ஸை முதன்முறையாகத் தொடுகிறவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றைத் திருத்தி வருகிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்த மாணவர்கள் எனப் பலர் உதவ வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்துள்ளேன். இந்தப் பக்கத்தில் யாரும் கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் போவதில்லை என்பதால், அவற்றின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.

எனக்கே லினக்ஸ் சரியாகத் தெரியாது. நான் எப்படிக் கையேட்டைத் திருத்துவது?

உங்களைப் போன்றவர்தான் எங்களுக்கு மிகவும் தேவை. எங்கள் கையேட்டின் முதல் கட்டளையே "முனையத்தைத் திறக்கவும்" என்று இருந்தது. அதை எழுதியவரும் சரிபார்த்த நான்கு பேரும் அந்த வரியில் எந்தக் குறையையும் காணவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்தான், "முனையம் என்றால் என்ன, அது திரையில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் அந்தச் சாளரத்தைப் பல ஆண்டுகளாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் எங்கள் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியவே இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது மூன்று விஷயங்களைக் குறித்துவைப்பதுதான்: எந்த வரியில் நின்றுவிட்டீர்கள், அப்போது திரையில் என்ன தெரிந்தது, என்ன தெரியும் என்று எதிர்பார்த்தீர்கள். சரியான விடை என்னவென்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாதம் பழகிவிட்டால் எங்கே தடுக்கினோம் என்பது உங்களுக்கே மறந்துவிடும். பிறகு நீங்களும் எங்களைப் போல அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

அண்ணே, மேன் பக்கங்கள்தான் இருக்கின்றனவே, தனிக் கையேடு எதற்கு?

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியுடன் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. இன்று நாம் கணினியில் திறக்கும் கட்டளை விளக்கங்களான மேன் பக்கங்கள் அதன் வழித்தோன்றல்களே. பயனர் கட்டளைகள் 1ஆம் பிரிவிலும், கோப்புகளின் வடிவங்கள் 5ஆம் பிரிவிலும், நிர்வாகக் கட்டளைகள் 8ஆம் பிரிவிலும் இருப்பதைப் பார்த்தாலே, அது ஏற்கெனவே வழி தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்வதற்காக அடுக்கப்பட்டது என்பது விளங்கும். கட்டளையின் பெயர் தெரிந்தவருக்கு அது அருமையான துணை. "ஒரு கோப்பின் பெயரை மாற்ற வேண்டும்" என்ற தேவையோடு வருகிறவருக்கோ எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதே தெரியாது. சொல்லைக் கொண்டு தேட "அப்ரோபோஸ்" என்ற கட்டளை உண்டு, ஆனால் அதற்கும் சரியான ஆங்கிலச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

வாசகர் மேன் பக்கத்தைத் தாமாகப் படிக்கும் நிலைக்கு வந்துசேரும் வரை கைபிடித்து அழைத்துச் செல்வதே நம் கையேட்டின் வேலை. அதனால் மேன் பக்கத்தைப் படிப்பது எப்படி என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியுள்ளோம்: இடைவெளி விசை அடுத்த திரைக்குக் கொண்டுசெல்லும், சாய்கோட்டுக்குப் பின் சொல்லை இட்டால் தேடும், "கியூ" விசை வெளியே வரும், சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது கட்டாயமில்லாத பகுதி, அந்த அடைப்புக்குறியைத் தட்டச்சு செய்யக் கூடாது. வெளியே வரும் விசை தெரியாமல் கணினியையே அணைத்துவிட்டவர்களை எங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் நல்ல வழிகாட்டிகள் இருக்கின்றன. அப்படியே மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டியைக்கூட நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அதில் நேர மண்டலத்துக்கு "ஆசியா, கொல்கத்தா" என்று இருக்கும். அதை நம்பி நிறுவுகிற பினாங்குக்காரரின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். நமக்கு வேண்டியது "ஆசியா, கோலாலம்பூர்".

அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் வேறொரு குழப்பம் வரும். லினக்ஸ் வழக்கமாக வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மலேசியா பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னே இருப்பதால், லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு மாலை 4 மணிக்கு விண்டோஸுக்குள் போகிறவருக்கு அங்கே காலை 8 மணி என்று காட்டும். மூல வழிகாட்டியில் "சில மணி நேர வேறுபாடு தோன்றலாம்" என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். நம் கையேட்டில் "சரியாக 8 மணி நேரம் குறைவாகக் காட்டினால் காரணம் இதுதான்" என்று எழுத முடியும்; அப்படி எழுதினால் வாசகர் தம் சிக்கலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

"கோப்பு" என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாது. "ஃபைல்" என்றே எழுதலாமா?

இந்தக் கேள்வியில்தான் எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் செலவாகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குக் "கோப்பு" பழக்கமான சொல். இடைநிலைப் பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படித்தவருக்கும், தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் வேலை செய்கிறவருக்கும் "ஃபைல்" எளிது. முதல்முறை வரும் இடத்தில் "கோப்பு, அதாவது ஃபைல்" என்று எழுதிவிட்டு, அதன்பின் நூல் முழுவதும் "கோப்பு" என்றே தொடர்வதாக முடிவுசெய்தோம். வாசகர் ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும் என்பதும், தமிழில் ஒரு சொல் நிலைபெற வேண்டுமானால் யாராவது அதை விடாமல் பயன்படுத்த வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

எந்தச் சொல் என்பதைவிட, ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பது முக்கியம். பழைய பதிப்பில் இரண்டாம் அத்தியாயம் "அடைவு" என்றும் ஐந்தாம் அத்தியாயம் "கோப்புறை" என்றும் எழுதியிருந்தன, ஏனென்றால் எழுதியவர்கள் இருவர். பிறை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கோப்புறைக்குள் அடைவு இருக்குமா, அடைவுக்குள் கோப்புறை இருக்குமா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார். தமிழ்க் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையேட்டில் அந்தப் பாடத்தைக் கைவிட வேண்டும்.

அப்படியானால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம் அல்லவா?

கையேட்டில் எழுதக் கூடாது. வாசகர் எந்த எழுத்தைத் தட்ட வேண்டுமோ, அந்த எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரிய வேண்டும்; பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸில் வேறுவேறு என்பதால் அதையும் மாற்றக் கூடாது. முதல்முறை வரும்போது பக்கத்தில் ஒலிப்பை மட்டும் தமிழில் தரலாம். வகுப்பில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள அது உதவுகிறது.

என் திரையில் எல்லாம் மலாயில் இருக்கிறது, கையேட்டில் தமிழ்ப் பெயர் இருக்கிறது. எதைச் சொடுக்குவது?

குறை உங்களிடம் இல்லை. பழைய பதிப்பு மொழியைக் குறிப்பிடாமலே பொத்தான்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனது. இப்போது முதல் பக்கத்திலேயே "இந்நூலில் உள்ள பெயர்கள் ஆங்கில இடைமுகத்தில் காண்பவை" என்று எழுதி, ஒவ்வொரு பொத்தானையும் அதன் இடத்தோடும் வடிவத்தோடும் சேர்த்துச் சொல்கிறோம்: மேல் வலது மூலை, மூன்று கோடுகள் உள்ள பொத்தான் என்பது போல.

தமிழ் இடைமுகத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று மனவருத்தத்தோடு கேட்பவர்கள் உண்டு. மொழிபெயர்க்கப்படாத தொடர்களை நிரல்கள் மூல ஆங்கிலத்திலேயே காட்டிவிடும். அதனால் தமிழைத் தேர்ந்தெடுத்தவரின் திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமும் கலந்து வரும், அந்தக் கலவையும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தமிழ் மொழிபெயர்ப்பு நிறைவடையும்போது கையேட்டையும் அதற்கு மாற்றுவோம். பிழைச்செய்திகளுக்கு மட்டும் ஒரு வழி இப்போதே உண்டு: கட்டளைக்கு முன், மொழியைத் தீர்மானிக்கும் "எல்சி ஆல்" மாறியை "சி" என்று அமைத்து இயக்கினால், எந்த மொழியில் இருக்கும் கணினியும் அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் தரும். நூலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

எல்லாவற்றுக்கும் திரையைப் படம் பிடித்துப் போட்டுவிட்டால் எளிதல்லவா?

பொத்தான்களுக்குப் படம் உதவும். கட்டளைகளைப் படமாகப் போடாதீர்கள்: அதிலிருந்து நகலெடுக்க முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் "ஓர்கா" திரைவாசிப்பானாலும் அதைப் படிக்க முடியாது.

கட்டளை கொடுத்தேன், எதுவுமே நடக்கவில்லை. இதைக் கையேட்டில் எப்படி விளக்குவது?

யூனிக்ஸ் மரபில் பெரும்பாலான கட்டளைகள் வெற்றி பெற்றால் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும், தவறினால் மட்டுமே பேசும். அந்தக் காலத்தில் திரைக்குப் பதிலாக நொடிக்கு 10 எழுத்து மட்டுமே அடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறிகள் இருந்தன என்பதை நினைத்தால், சுருக்கமான கட்டளைப் பெயர்களும் இந்த மௌனமும் விளங்கும். கையேட்டில் யூனிக்ஸின் வரலாற்றுக்கு நான் இடம் தருவது இப்படிப்பட்ட இடங்களில் மட்டுமே. முதல் அத்தியாயம் முழுவதும் வரலாறாக இருந்தால் வாசகர் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவதில்லை.

எனவே ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும், என்ன தெரிய வேண்டும் என்பதை எழுதுங்கள். ஒன்றும் தெரியாது என்றால் அதையும் எழுதுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் இடம் தனிக் கவனத்துக்கு உரியது. அங்கே நாம் தட்டுவது புள்ளியாகக்கூடத் திரையில் தெரியாத அமைப்பே பரவலாக உள்ளது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். இன்னும் சிலர் தமிழ்99 விசைப்பலகையை மாற்ற மறந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள், எதுவும் தெரியாததால் தவறு எங்கே என்று அவர்களுக்குப் புலப்படுவதில்லை.

டாலர் குறியையும் சேர்த்துத் தட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் வாசகர் தட்டுவார், ஏனென்றால் நாம்தான் அதை அச்சிட்டோம். டாலர் குறி சாதாரணப் பயனரின் தூண்டுக்குறி, அதாவது கட்டளைக்காகக் காத்திருப்பதாகக் கணினியே காட்டும் குறி. அதைச் சேர்த்துத் தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று கணினி சொல்லிவிடும், சிக்கல் உடனே தெரிந்துவிடும். நிர்வாகப் பயனரைக் குறிக்கும் "ஹாஷ்" குறிதான் ஆபத்தானது. அதை வரியின் தொடக்கத்தில் தட்டினால் ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், அந்த வரி முழுவதையும் குறிப்புரை என்று கருதி ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். முந்தைய பதிலில் சொன்ன மௌனத்தை நினைவுகூருங்கள்: மௌனமே வெற்றி என்று நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம், வாசகரும் கட்டளை முடிந்துவிட்டது என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடுவார்.

ஆகவே எங்கள் புதிய பதிப்பில் இரண்டு குறிகளையும் நீக்கிவிட்டு, நிர்வாக உரிமை தேவைப்படும் இடத்தைச் சொற்களால் குறிப்பிடுகிறோம். "இங்கே உங்கள் பெயர்" என்பதைக் கோண அடைப்புக்குறிக்குள் இடுவதையும் நிறுத்திவிட்டோம், ஏனென்றால் ஷெல்லுக்கு அந்தக் குறிகள் கோப்பிலிருந்து படிப்பதற்கும் கோப்பில் எழுதுவதற்கும் உரிய ஆணைகள்.

கையேட்டில் உள்ளபடியேதான் செய்தேன். "சூடோ" எனக்கு அனுமதி இல்லை என்கிறது, புகார் போய்விட்டது என்றும் சொல்கிறது!

பயப்பட வேண்டாம். நிர்வாக உரிமையோடு ஒரு கட்டளையை இயக்க உதவுவதே சூடோ. அந்தச் செய்தி வழக்கமாக உங்கள் கணினிக்குள்ளேயே பதிவாகிறது, வெளியே யாருக்கும் போவதில்லை. இந்த ஒரு வரியைக் கையேட்டில் சேர்க்கச் சொன்னவர் ஒரு குடும்பத்தலைவி. அந்தச் செய்தியைக் கண்டு மூன்று நாள் கணினியைத் தொடாமல் இருந்ததாக அவர் சொன்னபோது, நாங்கள் எவ்வளவு கவனக்குறைவாக எழுதியிருக்கிறோம் என்று உணர்ந்தேன்.

காரணம் இது. டெபியனை நிறுவும்போது நிர்வாகப் பயனரான "ரூட்"டுக்குக் கடவுச்சொல் கொடுத்தால், உங்கள் கணக்கு சூடோ குழுவில் சேர்க்கப்படாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால்தான் சேர்க்கப்படும். எங்கள் பழைய பதிப்பு இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் வழிகாட்டியைத் தழுவியது என்பதால் இந்த வேறுபாடு விடுபட்டுப் போயிற்று. சரிசெய்ய, "எஸ்யூ" கட்டளையால் ரூட்டாக மாறி, உங்கள் பெயரைச் சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளியும் ஒரு சிறுகோடும் கட்டாயம் வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் கோப்புறை, கணினி கட்டளைகளைத் தேடும் பாதையில் சேராது, பயனரைச் சேர்க்கும் கட்டளையே இல்லை என்று கணினி கூறும். அச்சில் அந்தக் கோடு கண்ணில் படுவதில்லை, ஆகவே அதைச் சொல்லாலும் எழுதுங்கள்.

வேர்டில் தட்டி அனுப்பலாமா?

விளக்கத்தை அனுப்பலாம், கட்டளைகளை வேண்டாம். சொற்செயலி இரண்டு சிறுகோடுகளை ஒரே நீண்ட கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் தானாக மாற்றிவிடும். அந்த வரியை நகலெடுத்து ஒட்டினால் ஷெல் ஏற்காது. கோப்பு மாற்றங்களைப் பதிந்து பகிரும் "கிட்" நிரல் தெரியாதவர்கள் அச்சிட்ட பக்கத்தில் பேனாவால் குறித்து, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். எங்களில் ஒருவர் அதைக் கோப்பில் ஏற்றிவிடுவார்.

மற்ற வழிகாட்டிகளிலிருந்து பத்திகளை எடுத்துக்கொள்ளலாமா?

உரிமத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர்சுட்டல்–அதேபகிர்வு உரிமம் உள்ளதை எடுக்கலாம், மூல ஆசிரியரைக் குறிப்பிட்டு நம் நூலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ஆர்ச் லினக்ஸின் ஆவணத் தளமான ஆர்ச் விக்கி குனு ஆவண உரிமத்தில் உள்ளது, இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்க முடியாது. படித்துப் புரிந்துகொண்டு உங்கள் சொற்களில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கணினிக்கு முன் ஒரு புதியவரை உட்காரவைத்து, கையேட்டை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து வாயைத் திறக்காமல் இருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இதைவிடக் கடினமானதும் தெரியாது. அவர் தவறான பொத்தானை நோக்கிச் சுட்டியை நகர்த்தும்போது நம் நாக்கு துடிக்கும். ஒரு சொல் சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது என்று கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் தனியாகப் படிக்கிறவருக்கு அந்தச் சொல் கிடைக்காது.

அவர் கண் எங்கே திரும்பி மேலே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஏழாம் வரியில் நின்றவர் மூன்றாம் வரிக்குத் திரும்பினால், பிழை பெரும்பாலும் மூன்றாம் வரியில்தான் இருக்கிறது. முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பெரியவர்கள் மரியாதைக்காகவும் பிள்ளைகள் கூச்சத்தாலும் "புரிந்தது" என்றே சொல்வார்கள். "அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

ஆபத்தான கட்டளைகளைத் தொடக்கநிலைக் கையேட்டில் விட்டுவிடலாமா?

விட முடியாது, ஆனால் அச்சிடும் விதத்தை மாற்றலாம். நான் எழுதிய ஒரு பக்கத்தில், ஆவணங்கள் கோப்புறைக்குள் இருக்கும் பயிற்சிக் கோப்புறையை "ஆர்எம்" கட்டளையால் நீக்கும்படி இருந்தது. அச்சில் அந்த வரி, ஆவணங்களுக்குப் பின் வரும் சாய்கோட்டோடு மடிந்து, மீதி அடுத்த வரிக்குப் போயிற்று. ஒரு மாணவி மடிந்த இடத்தில் இடைவெளி இட்டுத் தட்டினார். ஆவணங்கள் கோப்புறை முழுவதும் நீங்கிவிட்டது. முனையத்தில் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, அவரிடம் வேறு பிரதியும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது.

அன்றிலிருந்து எந்தக் கட்டளையும் அச்சில் மடியக் கூடாது என்பது விதி. வரி நீளமானால், முதலில் அந்தக் கோப்புறைக்குள் போகச் சொல்லிவிட்டுக் கட்டளையைச் சுருக்குகிறோம். பிரதி எடுக்கும் அத்தியாயமும் நீக்கும் அத்தியாயத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

ஒருவர் "இஃப்கான்ஃபிக்" வேலை செய்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். யார் சொல்வதை எடுப்பது?

இருவரும் உண்மையையே சொல்கிறார்கள். 2017இல் வெளிவந்த டெபியன் 9 முதல், பிணைய இணைப்பின் விவரங்களைக் காட்டும் அந்தக் கட்டளை அடங்கிய தொகுப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய கணினியிலிருந்து படிப்படியாக மேம்படுத்தியவரிடம் அது இன்னும் இருக்கக்கூடும். புதிதாக நிறுவிய கணினியில் கிடைத்த விடையையே கையேட்டில் எழுதுங்கள். இங்கே அது "ஐபி" கட்டளை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் எந்தப் பதிப்பில், எந்த மாதம் சோதித்தோம் என்பதைக் குறியுங்கள்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. ஏன்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே விடை காண மிகவும் பாடுபட்டது இதுதான். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இட்டு, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இப்படியே. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை பெயரை வெறும் பைட்டுகளாகவே, அதாவது சேமித்த எண்களாகவே, ஒப்பிடுவதால், ஒரு முறையில் பெயரிட்ட கோப்பை இன்னொரு முறையில் தட்டிக் கூப்பிட்டால் அது கிடைக்காது. வேறொரு கணினியில் வேறொரு விசைப்பலகையால் பெயரிட்டுப் பென்டிரைவில் கொண்டுவந்த கோப்புகளில் இது நேர்கிறது.

நீளத்திலும் ஒரு வரம்பு உண்டு. பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ஆக 85 குறியீடுகள். "கோ" ஒன்றே குறைந்தது இரண்டை எடுத்துக்கொள்கிறது. முனையங்கள் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவதும் உண்டு. இவற்றை முன்னிட்டு, முனையத்தைப் பற்றிய அத்தியாயங்களில் மட்டும் பயிற்சிக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துப் பெயர்களை வைத்திருக்கிறோம். தமிழ்ப் பெயர்களை யாரும் கைவிட வேண்டியதில்லை: முதல் எழுத்தை மட்டும் தட்டி "டேப்" விசையை அழுத்தினால், சேமித்த பைட்டுகளைக் கொண்டே ஷெல் பெயரை நிரப்பிவிடும். முதல் எழுத்தே "கோ" என்றிருந்தால் "க" வரை தட்டி நிறுத்திக்கொண்டு டேப்பை அழுத்த வேண்டும். கோப்புப் பெயர்கள் பற்றிய அத்தியாயத்தில் இந்தக் குறிப்பு இன்னும் சேரவில்லை, எழுத விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.